இருவர் ஏந்திய கலசம்

(அட்சய திருதியை விழாவில், மணவாழ்வில் ஐம்பதாண்டு நிறைவெய்திய பெற்றோரைப் போற்றும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

இன்று இம்மேடையில் போற்றப்பெறும் இணையர்களுள் என் தாய்தந்தையரும் உளர். ஆகவே மகன் என்ற உரிமையோடும் பேசுகிறேன். அவர்கள் எதிரே அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பதனால் மிகைபடப் பேசுவதற்கு வழியில்லை.

துறவைத் தலைமேல் வைத்துப் போற்றும் நம் சமயத்தார், மணவாழ்வின் நிறைவுக்கு விழா எடுப்பது பொருந்துமா என்று வெளியார் கேட்பதுண்டு. நம் இளைஞர் சிலரும் கேட்கிறார்கள். இதற்கு விடை நம் இலக்கியத்திலேயே இருக்கிறது. 'மணநூல்' என்னும் பெயர் பெற்ற சீவக சிந்தாமணியைப் பாடிய திருத்தக்கதேவர் ஒரு துறவி. பதின்மூன்று இலம்பகங்களில் பெரும்பகுதியைச் சீவகனின் மணங்களுக்குத் தந்துவிட்டு, இறுதியில் முத்தி இலம்பகத்தில் அவனைத் துறவுக்கு அழைத்துச் செல்கிறார். மணத்தைப் பழித்துத் துறவை உயர்த்த வேண்டும் என்று அவர் கருதவில்லை. 1887ஆம் ஆண்டு அந்நூலைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், கும்பகோணத்தில் ஒரு ஜைனர் இல்லத்தில் சிந்தாமணி படித்து நிறைவுற்ற நாளைக் கோலமும் தோரணமுமாகக் கொண்டாடியதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். துறவி இயற்றிய மணநூலை இல்லறத்தார் வீட்டில் கூடியிருந்து கேட்டு மகிழ்ந்த மரபு நம்முடையது.

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களில் நான்காவதை எண்ணிப் பாருங்கள். சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அதற்கு இரண்டு பெயர் தருகிறார். ஒன்று, பிறர் மனையிலிருந்து விலகுதல். மற்றொன்று 'சுவதார சந்தோஷம்', அதாவது தன் மனையாளிடத்தே நிறைவு காணுதல். விரதம் என்றாலே எதையோ விடுவது என்று நினைக்கிறோம். இந்த ஒரு விரதத்தின் பெயரிலோ சந்தோஷம் என்ற சொல்லே அமைந்திருக்கிறது. அந்நூலின் வழியே தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் நம் வீடுகளில் இருக்க வேண்டியது. அதே விரதத்தின் வழுக்களாக ஆசாரியர் எண்ணிய ஐந்தனுள், பிறர் வீட்டுத் திருமணங்களை முடித்து வைப்பதில் முனைந்து திரிவதும் ஒன்று. சிறிய சமூகமாகிய நமக்குள் இது எத்துணைப் பேரைத் தொடும் என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஜாதகக் கட்டோடு வந்திருப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

இன்றைய நாளுக்கு வருவோம். அட்சய திருதியை என்றால் பொன் வாங்கும் நாள் என்று கடைத்தெரு நமக்குக் கற்பிக்கிறது. நமக்கு இது ஒரு பசி தீர்ந்த நாள். ஆதி தீர்த்தங்கரராகிய விருஷபதேவர் ஆறு திங்கள் உண்ணாநோன்பு இருந்து, பின் உணவு ஏற்பதற்காக ஊர்தோறும் நடந்தார். முனிவருக்கு எவ்வாறு உணவளிப்பது என்பதை அக்காலத்தார் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. மணிகளைக் கொணர்ந்தார்கள், யானைகளையும் குதிரைகளையும் நிறுத்தினார்கள், கன்னியரையும் அழைத்து வந்தார்கள். ஒரு பிடி உணவை முறையோடு ஏந்தி நிற்க எவர்க்கும் தோன்றவில்லை. அன்பு இல்லாமற் போகவில்லை, அறிவுதான் இல்லை. இவ்வாறு மேலும் பல திங்கள் கழிந்தன. அத்தினாபுரத்தில் சோமப்பிரப மன்னனின் தம்பி சிரேயாம்சன் அவரைக் கண்டதும் முற்பிறப்பின் நினைவு பெற்றான், முறை அறிந்தான், கரும்பின் சாற்றை அவர் கைகளில் வார்த்தான்.

அவனுக்கு நினைவு வந்தது எது? இதைத்தான் நாம் விரைந்து கடந்து போய்விடுகிறோம். ஜினசேனரின் ஆதிபுராணம் சொல்லும் வரலாறு இது. முன்னொரு பிறப்பில் விருஷபதேவரின் உயிர் வஜ்ரஜங்கன் என்னும் அரசனாக இருந்தது. சிரேயாம்சனின் உயிர் அப்போது அவன் மனைவி ஸ்ரீமதியாக இருந்தது. அதற்கும் முந்தைய பிறப்பின் காதலை ஸ்ரீமதி ஓவியமாக எழுதினாள். செவிலி அதனை ஜினாலயத்திற்குக் கொண்டுபோய் வைத்தாள். வஜ்ரஜங்கன் கண்டு தெளிந்தான். மணம் நிகழ்ந்தது. பின்னர் ஒருநாள், படையோடு வழிச்செல்கையில் ஒரு காட்டுப் பொய்கைக் கரையில் தங்கியிருந்தபோது, காட்டிலன்றி உணவு கொள்வதில்லை என்ற நோன்புடைய இரு முனிவர்கள் அவ்வழியே வந்தார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து எதிர்கொண்டு அவர்களுக்கு உணவளித்தார்கள். பல பிறப்புகள் கடந்தபின் சிரேயாம்சன் நினைவில் எழுந்தது அந்தக் காட்சியே. அரண்மனையோ அரியணையோ அவன் நினைவுக்கு வரவில்லை. இருவருமாகச் சேர்ந்து ஓர் உணவை ஏந்தி நின்றது மட்டும் அழியாமல் நின்று, ஒரு தீர்த்தங்கரரின் பசியைத் தீர்த்தது. அட்சயம் என்ற சொல்லுக்கு அழிவின்மை என்பது பொருள். அன்று அழியாமல் நின்றது ஒரு மணவாழ்வின் நினைவு என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அக்கதையில் எனக்கு மிகவும் உவப்பான பகுதி இன்னும் இருக்கிறது. அந்தக் கொடை நிகழ்ந்தபோது புலி, பன்றி, குரங்கு, கீரி ஆகிய நான்கு விலங்குகள் பக்கத்தே நின்று பார்த்து மகிழ்ந்தன. அவை எதையும் கொடுக்கவில்லை. பிறர் கொடுக்கக் கண்டு உவந்ததனாலேயே அவையும் அந்த இணையர்க்குக் கிட்டிய நற்பயனில் பங்கு பெற்றன. பின்னாளில் விருஷபதேவரின் மக்களாகப் பிறந்தன. செய்தலும் செய்வித்தலும் உடன்பட்டு மகிழ்தலும் ஒத்த பயன் உடையன என்பது நம் கொள்கை. பெற்றோர் அறம் செய்வதைப் பார்த்து வளர்ந்த மக்களாகிய நாம் அந்த நான்கின் இடத்தில் நின்றவர்கள். என்னைப் பொறுத்தவரை, சிறு வயதில் குரங்கின் இடத்தில் நின்றேன் என்று என் தாயார் ஒப்புக்கொள்வார்.

பொன்னூர் மலைக்குச் செல்லும் வழியில் முனிவர்கள் எங்கள் ஊரில் தங்கும் நாட்களில், தந்தையாரும் தாயாரும் வாயிற்படியில் கலசம் ஏந்தி நிற்பார்கள். உங்களில் பலர் இவ்வாறு நின்றவர்களே. எதிர்கொண்டு, வணங்கி, உயர்ந்த இருக்கை அளித்து, பாதம் கழுவி, மனமும் மொழியும் உடலும் உணவும் தூயன என்று உறுதி கூறிய பின்னரே முனிவர் உணவு கொள்வார். நாளைக்கு ஒரு வேளை, நின்ற நிலையில், இரு கைகளே கலமாக. ஒரு மயிரோ ஒரு சிற்றுயிரோ உணவில் தென்பட்டால் அக்கணமே கையை விடுவித்துவிடுவார். அன்று அவருக்கு வேறு உணவு இல்லை. அதனால் அந்த ஒரு வேளை உணவுக்குப் பின்னால் எத்தனை மணி நேர உழைப்பு இருக்கிறது என்பதை அடுக்களையில் இருந்தவர்களே அறிவார்கள். தண்ணீரை மடித்த துணியில் வடிகட்ட வேண்டும். அத்துணியில் தங்கிய உயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே திரும்பச் சேர்க்க வேண்டும். அரிசியையும் பருப்பையும் ஒவ்வொரு மணியாகப் பார்க்க வேண்டும்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பொறுப்பு தாயாருடையதாகவே இருந்தது. தந்தையார் கழனியும் கணக்குமாக இருந்தவர். அடுக்களைக்குள் அவர் நுழைந்து நான் பார்த்ததில்லை. தாயாருக்குக் கண்பார்வை மங்கத் தொடங்கியபின், முறத்தில் பரப்பிய அரிசியின்முன் தந்தையார் அமர்ந்தார். எவரும் அவரை ஏவவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கணக்கேட்டைப் பார்ப்பதுபோலவே அரிசியைப் பார்ப்பார். "அந்த ஓரத்தைப் பார்த்தீர்களா?" என்று தாயார் கேட்பார், "பார்த்தாயிற்று" என்பார் அவர். மறுபடியும் கேட்பார், மறுபடியும் பார்ப்பார். அன்பு என்ற சொல்லை அவர்கள் இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த முறத்தைப் பார்த்தவர்களுக்கு அச்சொல் வேண்டியதுமில்லை.

அவர்களுக்குள் பிணக்கே இல்லை என்று சொன்னால் முன்வரிசையில் சிரிப்பு எழும். சர்க்கரை நோய் வந்த பிறகும் தந்தையார் சதுர்த்தசிதோறும் முழு உண்ணாநோன்பு இருப்பேன் என்று நின்றார். தாயார் ஒப்பவில்லை. இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் தாயார் சொன்னார்: "தீர்த்தங்கரர் ஆவதற்குரிய பதினாறு பாவனைகளில் தவமும் ஆற்றலுக்கேற்பச் செய்வது என்றுதானே வைத்திருக்கிறார்கள்? அதைவிட நீங்கள் பெரியவரோ?" நோன்பை விடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நோன்பின் அளவை நூலின் துணைகொண்டே திருத்தினார். மருத்துவரைக் கேட்டு, அந்நாட்களில் ஒரு வேளை உணவும் குறித்த நேரத்தில் மருந்தும் என்று முடிவாயிற்று. அந்த ஒரு வேளைக்கு என்ன சமைப்பது என்பதையும் தாயாரே வகுத்தார். இவ்வாறு ஒருவர் நோன்பை மற்றவர் காப்பதையே நம் நெறியில் இல்லறத்தின் அன்பு என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், ஆரணி வட்டாரங்களில் நம் ஊர்களுக்குப் போனால் பூட்டிய வீடுகள் பலவற்றைக் காண்கிறோம். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழ்கிறார்கள். வயது முதிர்ந்த பெற்றோரை அழைத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் எல்லோர்க்கும் இருக்கிறது. அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் எப்படி அழைக்கிறோம்? பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தாயார் ஒரு மகன் வீட்டில். நிலத்தையும் வீட்டையும் பார்த்துக்கொள்ளத் தந்தையார் ஊரில். அல்லது மூத்தவனிடம் ஒருவர், இளையவனிடம் ஒருவர். ஐம்பது ஆண்டு சேர்ந்திருந்தவர்களை, சொத்தைப் பிரிப்பதுபோல் பங்கிட்டுக்கொள்கிறோம். இதில் கொடியவர் எவரும் இல்லை. இரண்டு அறை வீடு, இருவர் சம்பளம், பள்ளி நேரம் என்று ஒவ்வொன்றிற்கும் நியாயம் இருக்கிறது. பெற்றோரும் "எங்களுக்கென்ன, பிள்ளைகள் வசதிதான் முக்கியம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல்லை நம்பி நாம் அமைதியடைவது சரியில்லை.

பிரிந்திருக்கும் பெரியவருக்கு உணவும் மருந்தும் கிடைக்கும். சூரியன் மறைய இரண்டு நாழிகைக்குமுன் தட்டை எடுத்து வைத்து நினைவூட்டுபவர் எவர்? அலுவலகத்திலிருந்து இரவு எட்டு மணிக்குத் திரும்பும் மருமகள்மேல் அந்தக் கடமையைச் சுமத்துவது நேர்மையாகாது. எண்பது வயதில் ஒரு நோன்பு தளர்வதற்கு ஆசை காரணமாக இருப்பது அரிது. துணை இல்லாமையே பெரும்பாலும் காரணமாகிறது. நான்கு கண்களால் காத்த விரதத்தை இரண்டு மங்கிய கண்களால் காக்கச் சொல்கிறோம்.

"முதுமையில் பற்றைக் குறைக்கத்தானே வேண்டும்? பிரிந்திருந்தால் என்ன?" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். சாவகர்க்குரிய பதினொரு நிலைகளில் ஏழாவது பிரமசரியம். வயது முதிர்ந்த இணையர் பலர் அதனை மேற்கொண்டிருக்கிறார்கள். இந்த அவையிலும் இருக்கலாம். அந்நிலையில் நிற்பவர்கள் ஒரே வீட்டில், ஒரே சாத்திரத்தைப் படித்துக்கொண்டு, உடன்பயிலும் மாணவரைப்போல் வாழ்கிறார்கள். இல்லத்தைவிட்டு வெளியேறுதல் அதற்கும் மேற்பட்ட நிலைகளில், அவரவர் தாமே தேர்ந்து செய்வது. தாமே துறப்பது தவம். பிள்ளைகளின் வசதிக்காகப் பிரித்து வைக்கப்படுவது அதில் சேராது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பெற்றோரை எங்கு வைத்துக்கொண்டாலும் இருவரையும் சேர்த்தே வையுங்கள். ஆண்டில் ஆறு திங்கள் ஒரு மகனிடம், ஆறு திங்கள் ஒரு மகளிடம் என்றால் இருவரும் சேர்ந்தே போகட்டும். இடம் போதாதென்றால் ஊர் வீட்டைத் திறந்து வையுங்கள். அங்கே ஜினாலயம் இருக்கிறது, பழகிய கிணறு இருக்கிறது, குரல் கொடுத்தால் வரும் அண்டை வீடு இருக்கிறது. முறை வைத்துக்கொண்டு பிள்ளைகள் போய் இருக்கலாம். மண்டபம் எடுத்து, மாலை சூட்டி, நிழற்படம் எடுத்துக் கொண்டாடும் செலவில் ஒரு பகுதியை, மங்கிய கண்ணுக்கு அறுவை செய்யவும் வழுக்காத குளியலறை கட்டவும் ஒதுக்கலாம். அறக்கட்டளையினரிடமும் ஒன்று கேட்கிறேன். துணையிழந்து தனித்திருக்கும் பெரியோர் நம் ஊர்களில் உளர். இன்று போற்றப்பெறும் வரிசையில் அவர்கள் இல்லை. அவர்கள் காத்த ஆண்டுகள் குறைந்தவை அல்ல. மாலை உணவுக்கு அவர்களைத் தத்தம் வீட்டுக்கு அழைத்து, பொழுதோடு உண்ணச் செய்யும் ஓர் ஏற்பாட்டை ஊருக்கு ஊர் தொடங்கலாம்.

இன்னும் சொல்ல எடுத்து வந்த தாள் இரண்டு மீதம் இருக்கின்றன. ஆனால் மணி ஐந்தை நெருங்குகிறது. கீழே இலை போட்டாயிற்று என்று சைகை வந்துவிட்டது. மணிவிழாக் கண்டவர்களும் அதற்கு மூத்தவர்களும் முதற்பந்தியில், இணையர் அருகருகே அமருமாறு விழாக்குழுவினர் ஒழுங்கு செய்திருக்கிறார்கள். என் தந்தையார் இரண்டாம் முறையாகக் கடிகாரத்தைப் பார்க்கிறார்.