மழைக்கால ஒட்டுக் கொப்பி

பத்திரிகைத் துணுக்கு, பழைய புகைப்படம், பஸ் சீட்டு, காய்ந்த இலை, கலியாணக் கடிதம் என்று வீட்டில் சிதறிக் கிடப்பவற்றை ஒரு கொப்பியில் ஒட்டி, பக்கத்திலேயே அவற்றைப் பற்றி நாலு வரி எழுதி வைப்பதுதான் ஒட்டுக் கொப்பி. கத்தரிக்கோல், பசை, பென்சில் இவ்வளவும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். பிள்ளைகளைச் சத்தம் போடாமல் உட்கார வைக்கும் உபாயம் என்றே பலரும் இதை நினைக்கிறார்கள். அதற்கும் இது உதவும் என்பதில் பிழையில்லை. ஆனால் மலையகக் குடும்பங்களைப் பொறுத்தமட்டில் இதன் பெறுமதி அதைவிடப் பெரியது. அந்தப் பெறுமதி ஒட்டுவதில் பாதி, எழுதுவதில் பாதியாக இருக்கிறது. சொல்லப்போனால் எழுதுவதில்தான் பாதிக்கு மேல்.

உதாரணத்துக்குப் பொல்பிட்டியவை எடுத்துக்கொள்வோம். அது கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கலந்து களனி கங்கையாகும் இடத்தை அண்டிய ஊர். 1969 முதல் அங்கே நீர்மின் நிலையம் இயங்குகிறது. அந்த நீருக்கு ஆதாரமான மழைதான் அப்பகுதிப் பிள்ளைகளை வீட்டுக்குள் பிடித்து வைக்கிறது. மே மாதக் கடைசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை, செப்டெம்பர் வரை மேற்குச் சரிவை விடுவதில்லை. கினிகத்தேனை, நோர்ட்டன் பிரிட்ஜ், வட்டவளை என்று நீளும் இந்தப் பக்கம் இலங்கையிலேயே அதிக மழை பெறும் பகுதிகளில் ஒன்று. வட்டவளையின் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையும் இந்த மழைக்குள்ளேயே வந்து விழுகிறது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான பழைய லயங்களில் காம்பரா எனப்படும் அறை ஒன்று பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் ஓடிப்பிடித்து விளையாட முடியாது, பந்தும் உருட்ட முடியாது. முன் திண்ணையான இஸ்தோப்பில் ஒரு சாக்கை விரித்து, நடுவில் பசைக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நாலு பேர் சுற்றி உட்காரும் வேலைக்கு அந்த இடம் தாராளம்.

பொருட்களில் முதலில் கவனிக்க வேண்டியது பசை. கடைப் பசைக் குப்பியைவிட அடுப்பில் காய்ச்சும் கோதுமை மாப் பசை இந்த வேலைக்கு நல்லது. ஒரு பங்கு மாவுக்கு நாலைந்து பங்கு தண்ணீர். மாவைப் பச்சைத் தண்ணீரிலேயே கட்டியில்லாமல் கரைத்துவிட வேண்டும். சுடுநீரில் கொட்டினால் உருண்டை உருண்டையாகிவிடும். சிறு தணலில் வைத்துக் கை எடுக்காமல் கிண்டினால், வெள்ளை மங்கிக் கண்ணாடித் தன்மை வரும்போது பசை பதமாகியிருக்கும். ஆறிய பின் மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். பசை கூடினால் கடதாசி நனைந்து விரிந்து, காயும்போது சுருங்கி மேடு பள்ளமாகும். ஒட்டிய பக்கத்தின் மேல் ஒரு பொலித்தீன் தாளை இட்டு, மேலே கனமான புத்தகத்தை ஒரு இரவு வைத்தால் அந்தக் குறை வராது. பசை இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். அன்றன்றைக்குக் கொஞ்சமாகக் காய்ச்சுவதே மேல். பூச்சி வராமலிருக்கப் புத்தகம் கட்டுபவர்கள் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு. பிள்ளைகள் கைவைக்கும் கிண்ணத்தில் அதற்கு வேலையில்லை. அவசரத்துக்குக் குழைந்த சோற்றுப் பருக்கையும் கடதாசியைப் பிடித்துக்கொள்ளும். கடித உறை ஒட்டியும் பட்டம் கட்டியும் பழகிய எல்லோருக்கும் அது தெரியும்.

மாப் பசைக்கு இன்னொரு குணம் உண்டு. ஈரம் காட்டினால் அது இளகிக் கொடுக்கும். தவறாக ஒட்டியதைக் கிழியாமல் எடுக்கலாம். பழைய ஆவணங்களைச் செப்பனிடும் நிபுணர்கள் மாவிலிருந்து பிரித்த கோதுமை மாச்சத்துப் பசையை இன்றும் பாவிப்பது இதனால்தான். செலோடேப் நேர் எதிர். சில ஆண்டுகளில் மஞ்சளாகி, பிளாஸ்டிக் உரிந்து, பிசின் மட்டும் கடதாசிக்குள் ஊறிக் கறையாக நின்றுவிடும். புகைப்படத்தின் மேல் செலோடேப் ஒட்டுவதைப் போல ஒரு கெடுதல் வேறில்லை.

வெளியுலகில் இந்தக் கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தில் ஜேம்ஸ் கிரேஞ்சர் 1769இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூலைத் தொடர்ந்து, அச்சான புத்தகத்துக்குள்ளேயே வாங்கிச் சேர்த்த படங்களைச் செருகி ஒட்டும் மோகம் கிளம்பியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வண்ண அச்சு மலிந்தபோது, ஒட்டுவதற்கென்றே பூ, தேவதை, பூனைக்குட்டிப் படங்கள் விற்பனைக்கு வந்தன. எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் பசை முன்கூட்டியே பூசிய பக்கங்களைக் கொண்ட ஒட்டுப் புத்தகத்துக்கு 1873இல் காப்புரிமை பெற்றார். ஈரம் தொட்டு வைத்தால் ஒட்டிக்கொள்ளும். 1980களுக்குப் பிறகு அமெரிக்காவில் இது ஒரு பெரிய வியாபாரமாக வளர்ந்தது. வண்ணத்தாள், மினுக்குத்தூள், வார்ப்பு வெட்டிகள், ஆயத்த வாசகங்கள் என்று கடை கடையாக விரிந்தன. அந்த ஆயத்த வாசகங்கள்தான் கலையைக் கெடுத்தவை. ‘இனிய நினைவுகள்’ என்று அச்சடித்த சீட்டு எந்த வீட்டுப் படத்துக்கும் பொருந்தும். பொருந்துவதாலேயே எந்த வீட்டைப் பற்றியும் எதுவும் சொல்லாது.

மலையகத்தில் கொப்பிக்கு முன்னால் சுவர் இருந்தது. சுண்ணாம்பு உதிர்ந்த காம்பராச் சுவரில் பழைய வீரகேசரியையும் தினகரனையும் மாப் பசையால் ஒட்டுவது வழக்கம். முன்னது 1930இலும் பின்னது 1932இலும் தொடங்கிய பத்திரிகைகள். குளிரையும் தூசியையும் தடுப்பதற்காக ஒட்டியதுதான், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற பிள்ளைகளுக்கு அதுவே வாசிப்புப் பலகையுமானது. அதன் மேல் எம்.ஜி.ஆர். படம், சாமிப் பட நாட்காட்டி, பிற்காலத்தில் முரளிதரன் பந்து வீசும் படம். சுவருக்கு நடுவே ஒரே கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்துப் பதினைந்து குடும்பப் படங்கள் நெருக்கிச் செருகப்பட்டிருக்கும். கலியாணப் படமும், அடையாள அட்டைக்கு எடுத்த முகப்படமும், கொழும்புக்கு வேலைக்குப் போன மகன் அனுப்பிய படமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். அமைப்பில் ஒட்டுக் கொப்பியின் பக்கமேதான் அது. குறை ஒன்றுதான்: யார், எங்கே, எப்போது என்று ஒன்றிலும் எழுதியிருக்காது. அப்பாயி இருக்கும்வரை அவர் சொல்லுவார். அவருக்குப் பின் படத்திலிருப்பவர்கள் பெயரற்றவர்களாகிவிடுவார்கள்.

சுவரில் ஏறாத கடதாசிகள் றங்குப் பெட்டிக்குள் இருந்தன. தோட்டத் தொழிலாளிக்கும் கடதாசிக்கும் உள்ள உறவு கசப்பானது. கடன் அடைந்தால் ஆளை விடுவிப்பதாகத் தோட்டத் துரை எழுதிக்கொடுத்த ‘துண்டு’ முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் உரிமை கோரியவர்கள், 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன் தொடர்ச்சியாக, மணமானவராயின் 7 ஆண்டும் மணமாகாதவராயின் 10 ஆண்டும் இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. பிறப்புப் பதிவும் பள்ளிக்கூடப் பதிவும் தோட்ட வரவுப் பதிவேடான செக்ரோலும் அப்போது சாட்சிகளாயின. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. உரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதிய சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று கணக்குப் பிரித்தது. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று குடும்பங்கள் பிரிந்தன. இந்தியாவுக்குப் போனவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற இரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வைத்ததும் அந்த மக்களே. அப்படிப் போய் நீலகிரியில் குடியேறியவர்களிடமிருந்து வந்த கடிதங்கள், அங்கே பிறந்த பிள்ளைகளின் படங்கள், பாஸ்போர்ட் பிரதிகள் இன்றும் சில பெட்டிகளுக்குள் இருக்கின்றன. இவற்றின் கதையைச் சொல்லக்கூடிய தலைமுறை மெல்ல மெல்ல மறைந்துகொண்டிருக்கிறது.

ஆகவே மலையக வீட்டின் ஒட்டுக் கொப்பி பூவும் பூனைக்குட்டியுமாகத் தொடங்க வேண்டியதில்லை. அப்பாயி, அம்மாயி, தாத்தா யாராவது ஒருவரை நடுவில் உட்கார்த்தி, ஒரு படத்தைக் கையில் கொடுத்துப் பேச வைப்பதே நல்ல தொடக்கம். எழுதத் தெரிந்த பிள்ளை அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதட்டும். ‘இது பெரியப்பா’ என்றால் போதாது. பெயர், தோட்டம், டிவிசன், ஆண்டு, படம் எடுத்த இடம் ஆகியவை வேண்டும். ஆண்டு ஞாபகமில்லாவிட்டால் ‘அக்கா பெரியவளான வருசம்’ என்று எழுதினாலும் பின்னால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பேச்சுநடையைத் திருத்திப் பாடப்புத்தகத் தமிழாக்குவது நட்டம். பேனையைவிடப் பென்சில் பாதுகாப்பு. மை ஈரத்தில் பரவும், பென்சில் கரி பரவாது. சின்னவர்கள் வெட்டட்டும், சற்றுப் பெரிய பிள்ளை ஒட்டட்டும், அப்பா பக்கத்துக்குக் கோடு போடட்டும். மூன்று தலைமுறையும் ஒரே வேலையில் அமரும் வாய்ப்பு வேறு எந்தப் பொழுதுபோக்கிலும் இவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

ஊர்ப் பக்கங்களும் வேண்டும். பொல்பிட்டியப் பிள்ளைக்கு விடயப் பஞ்சமில்லை. மின் நிலையம் ஒரு பக்கம், லக்ஷபான நீர்வீழ்ச்சி ஒரு பக்கம், 1957இல் வெளிவந்த ‘குவாய் ஆற்றுப் பாலம்’ ஆங்கிலப் படத்துக்காக அருகிலுள்ள கித்துல்கலையில் பாலம் கட்டித் தகர்த்த கதை ஒரு பக்கம். பத்திரிகையில் வெட்டும்போது ஒரு சங்கடம் வரும்: ஒரு பக்கத்தை எடுத்தால் அதன் பின்பக்கம் தொலையும். எதை இழக்கலாம் என்று தீர்மானிப்பதே நல்ல பயிற்சி. வெட்டிய துணுக்கின் ஓரத்தில் பத்திரிகையின் பெயரும் திகதியும் உடனே ஏற வேண்டும். நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் நாளைக்கும் எழுதப்படாது.

இலை ஒட்டுவதற்குப் பன்னம் அழகானது. பத்திரிகைத் தாள்களுக்கிடையில் வைத்துக் கனம் ஏற்றி, மழைக்காலமாதலால் தாளைத் தினமும் மாற்றினால் இரண்டு வாரத்தில் காயும். சிவனொளிபாதமலைக் காடு பாதுகாக்கப்பட்டது, அங்கே பறிக்கக்கூடாது. தோட்டத்து ஓரப் பன்னமே போதும்.

கொப்பிக்கு வெளியே, இதே பசையும் கடதாசியும் கேட்கும் இன்னொரு வேலை வெசாக் கூடு. மே மாதப் பௌர்ணமியை ஒட்டிப் பாடசாலைகளில் தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் சேர்ந்து கட்டுவார்கள். அட்டபட்டம் எனப்படும் வழமையான கூட்டின் கணக்கு சுவையானது. மூங்கில் ஈர்க்குகளால் ஒரே அளவில் 6 சதுரங்களைக் கட்டி, மூலையோடு மூலை சேர்த்து முடிந்தால், இடைவெளிகளில் தாமாகவே 8 முக்கோணங்கள் விழும். ஈர்க்குகள் 24, முடிச்சுகள் 12. ஒரு ஈர்க்கு அரை அங்குலம் நீண்டாலும் முழுக் கூடும் சரிந்துவிடும், அதனால் அளவில் கவனயீனம் செல்லாது. சட்டத்தின் மேல் மெல்லிய வண்ணக் கடதாசியை இழுத்து ஒட்டி, கீழே வால்களைத் தொங்கவிட்டு, உள்ளே சிறு மின்குமிழ் போட்டால் கூடு தயார். மெழுகுவர்த்தி அழகுதான், லயத்துக் கூரையடியில் அது ஆபத்து. கேத்திரகணிதத்துக்கு அஞ்சும் பிள்ளைகள் இதை அஞ்சாமல் கட்டுவதை ஆசிரியர்கள் கவனிக்கலாம்.

மீண்டும் கொப்பிக்கு வருவோம். குடும்பக் கடதாசிகள் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்குக் கம்பளைப் பகுதியில், பழைய பீகொக் தோட்டத்திலுள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்காட்சியகம் சான்று. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் தொடங்கிய அந்தக் காட்சியகம் இயங்குவது ஒரு லயத்தில். வீட்டுப் பாத்திரங்கள், நகைகள், இசைக்கருவிகள், ஆவணங்கள் என்று தொழிலாளர் வாழ்க்கையின் சாட்சிகளே அங்கே காட்சிப் பொருட்கள்.

கொப்பியின் பாதுகாப்பு பற்றிய சில விடயங்கள் மிச்சமிருக்கின்றன. பத்திரிகைக் கடதாசி மரக்கூழால் ஆனது. அதிலுள்ள லிக்னின் ஒளியிலும் காற்றிலும் மஞ்சளாகி நொறுங்கும். முக்கியமான செய்தியை நல்ல தாளில் போட்டோப்பிரதி எடுத்து ஒட்டினால் நீண்ட நாள் நிற்கும். பஸ் சீட்டும் வங்கி இயந்திரச் சீட்டும் வெப்ப அச்சு. சில மாதங்களில் வெறுந்தாளாகிவிடும், ஆகவே அதிலுள்ளதைப் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். கைபேசிப் படங்களை நம்பியிருப்பதும் அவ்வளவு உசிதமில்லை. கைபேசி பழுதானால் மொத்தமும் போகும். வருடத்துக்கு ஒரு பத்துப் படத்தையாவது அச்செடுக்கலாம். பிறப்புச் சான்றிதழ், பிரசாவுரிமைப் பத்திரம், ஒரே பிரதியாக உள்ள பழைய படம் ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் ஒட்டக்கூடாது. மூலம் தனி உறையில் இருக்கட்டும், கொப்பிக்குப் பிரதி போதும். மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்; மாப் பசை இருக்கும் இடத்துக்கு வெள்ளிமீனும் கரப்பானும் வரும். கொப்பியைச் சுவரோடு சேர்க்காமல் நிமிர்த்தி வைத்து, வெயில் வந்த நாளில் நிழலில் விரித்துக் காற்றாட விட வேண்டும். கொப்பி நிறைந்ததும் பக்கங்களுக்கு எண் போட்டு, கடைசித் தாளில் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்ற அட்டவணையையும், ஒட்டியவர்கள், எழுதியவர்கள், கதை சொன்னவர்கள் எல்லோருடைய பெயரையும், முடித்த திகதியையும் எழுதி அடுத்த கொப்பியைத் தொடங்கலாம்.