சிங்க்குக்குக் கீழே எந்தப் பலகை?

புது வீட்டுக்கு அலமாரி அடிக்கும்போது பலரும் முதலில் பார்ப்பது மைக்காவின் நிறத்தை. அலமாரியின் ஆயுளோ உள்ளே இருக்கும் பலகையில் இருக்கிறது.

பிளைவுட் என்பது மெல்லிய மரத்தகடுகளைப் பசை போட்டு அழுத்தி ஒட்டியது. ரகங்களுக்குள் முக்கிய வித்தியாசம் அந்தப் பசையில்தான். எம்.ஆர். ரகம் காற்றின் ஈரத்தைத் தாங்கும். தேங்கும் தண்ணீரைத் தாங்காது. படுக்கையறை அலமாரிக்கு அது போதும்.

சிங்க்குக்குக் கீழே போதாது. அங்கே குழாய் சொட்டும். தரை கழுவும் தண்ணீர் போகும். நாளடைவில் அடிப்பலகை உப்பி, கதவு சரியாக மூடாது. அங்கே வேண்டியது கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யூ.பி. ரகம். கடையில் மரைன் பிளை என்பார்கள். அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 710 என்ற எண் இருக்கும். நினைவிருக்கட்டும், ஈரம் படும் இடத்துக்கு 710.

இன்னொன்று. வெட்டிய ஓரம் வழியாகத்தான் தண்ணீர் எளிதாக உள்ளே இறங்கும். குழாய்க்காகப் போட்ட துளையின் விளிம்பையும் பூசி அடைக்கச் சொல்லுங்கள்.

பலகை வந்து இறங்கும்போதே முத்திரையைப் பார்த்துவிடுங்கள். மைக்கா ஒட்டிய பிறகு அந்த எண் கண்ணுக்குத் தெரியாது.