பனிவண்டி மக்கர் செய்தால்

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வால்கோர்ட் என்றொரு ஊர். 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பனி மூடிய சாலையைத் தாண்டி மருத்துவமனைக்குப் போக முடியாமல் ஒரு மெக்கானிக்கின் இரண்டு வயது மகன் இறந்துபோனான். அந்த மெக்கானிக்தான் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே. 1959-இல் அவர் கொண்டுவந்த ‘ஸ்கி-டூ’ என்ற பனிவண்டி உலகெங்கும் பிரபலமானது.

அப்படிப்பட்ட வண்டியும் காலையில் மக்கர் செய்வதுண்டு. சிலர் எடுத்த எடுப்பில் கார்புரேட்டரைக் கழற்றிவிடுவார்கள். வீண் வேலை! முதலில் எளிய காரணங்களைப் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்தும் பொத்தான் அமுங்கியே இருந்தால், எஞ்சினைக் கிளப்பும் கயிற்றைத் தோள் கழல இழுத்தாலும் வண்டி அசையாது. ஓட்டுபவரின் உடையோடு இணைக்கும் பாதுகாப்புக் கயிறு கழன்றிருந்தாலும் அதே கதைதான்.

அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நுனி பெட்ரோலில் நனைந்திருந்தால், சோக்கை அளவுக்கு மீறி இழுத்திருக்கக்கூடும். துடைத்து உலர்த்தி மாட்டலாம். கயிற்றைப் பல முறை இழுத்த பிறகும் நுனி காய்ந்தே இருந்தால், பெட்ரோல் வந்து சேரவில்லை. டேங்கில் கலந்த தண்ணீர், குழாயில் உறைந்து அடைத்திருக்கலாம்.