விடியலைப் பார்த்தவர்கள்



காந்தி மார்க்கெட்டை அடுத்த இவ்வரங்கில் நின்று தனிமையைப் பற்றிப் பேசுவது சற்று வேடிக்கைதான். ஊர் உறங்கும்போதே லாரிகளில் வெங்காயமும் வாழைத்தாரும் வந்திறங்கும் இடம் இது. எனினும் தொல்காப்பியர் வைகறையையும் விடியலையும் மருதத்திற்கே உரியனவாக்கினார். காட்டிற்கு அவர் வகுத்தது மாலை. காவிரிக் கரையினராகிய நமக்கு இஃது உரிமைச் செய்தி.

இயற்கைமுன் தனித்து நின்று ஒளிப்படம் எடுப்பதைத் தவமாக்கியவர் யாரெனில், மா. கிருஷ்ணனையே சொல்வேன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் இறுதிவரை இயற்கை பற்றி எழுதிவந்தார். முதுமலையில் வளர்ப்பு யானையின் முதுகிலமர்ந்து காட்டுயானைகளைப் படமெடுத்தார். கறுப்பு வெள்ளையே அவருக்குப் போதுமாயிருந்தது.

இதில் ஆன்மிகம் எங்கே எனலாம். அவர் படங்களில் விலங்கு தன் மரத்தோடும் புல்லோடும் நிற்கிறது. எடுத்தவரின் சுவடே இல்லை. 'நான்' கரைவதைத்தானே நம் சமயங்கள் கேட்டன? கருவி ஏந்தியோர் எல்லார்க்கும் அப்பேறு வாய்ப்பதில்லை. கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்துக் குஞ்சைப் படமெடுப்பவர் வைகறையில் எழுந்தாலென்ன, நண்பகலில் எழுந்தாலென்ன! அதுவும் வேட்டையே.

திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்துத் தொண்டுசெய்த தொண்டரடிப்பொடியாழ்வாரிடமும் இக்கண் உண்டு. திருப்பள்ளியெழுச்சியில் விண்மீன் ஒளி மங்குவதையும், கமுகம்பாளை விரிந்து மணப்பதையும், காலைக் காற்று வீசுவதையும் ஒவ்வொன்றாய்க் காட்டியே அரங்கனை எழுப்புகிறார். பூப்பறிக்க இருளிலேயே புறப்பட்டவர் கண்ட விடியல் அது என்பது என் துணிபு.

நம் கவியரங்குகளிலோ 'விடியல்' தேய்ந்த நாணயம். புரட்சிக்கும் விடியல், பெண் விடுதலைக்கும் விடியல். பாளை மணக்கும் விடியலைப் பாடியோர் எத்தனைபேர்? கிருஷ்ணன் யானையை மட்டுமா எழுதினார்? காகத்தையும் அணிலையும் எழுதினார். கீரைக்கட்டுகளின்மேல் முதல் வெளிச்சம் விழும்போது இம்மார்க்கெட்டுக்கு வரும் காகங்களை நம்மில் எவரும் பாடவில்லை. அவருடைய தமிழ்க் கட்டுரைகள் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' நூலில் கிடைக்கின்றன.

அடுத்த கவியரங்கின் தலைப்பு 'விடியல்' என்று அழைப்பிதழில் கண்டேன். பாடவிருப்போர் அதற்குமுன் ஒருநாளேனும் ஐந்து மணிக்குக் கொள்ளிடக் கரைக்குத் தனியே சென்றுவர வேண்டுகிறேன். ஒளிப்படக் கருவி இல்லையெனினும் குறையில்லை.