வழிகாட்டலா? ஒப்புதலா?

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடை எடுப்பதென்று முடிவு செய்கிறோம். அட்வான்ஸ் கொடுக்கிறோம். பெயர்ப்பலகை எழுதவும் சொல்லி விடுகிறோம். அதற்குப் பிறகுதான் இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாரா செய்கிறோம்! இது அல்லாஹ்விடம் வழி கேட்பதா? நாம் எழுதி முடித்த பத்திரத்துக்கு ஒப்புதல் கேட்பதா?

குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்றுத் தருவது போல இஸ்திகாராவை நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியில் உள்ள ஹதீஸ் இது. அந்த துஆவில் இரு பகுதிகள் உண்டு. இக்காரியம் என் மார்க்கத்துக்கும் வாழ்க்கைக்கும் நல்லதென்றால் எளிதாக்கித் தா என்பது முதல் பகுதி. கெட்டதென்றால் இதை என்னை விட்டும், என்னை இதை விட்டும் திருப்பிவிடு. நன்மை எங்கிருந்தாலும் அதைத் தந்து என்னைத் திருப்திப்படுத்து என்பது இரண்டாம் பகுதி. நமது நாவு இரண்டையும் ஓதுகிறது. நமது உள்ளமோ முதல் பகுதியோடு நின்று விடுகிறது!

பனூ இஸ்ராயீல்களின் வரலாற்றை அல்பகரா அத்தியாயம் 246, 247 வசனங்களில் பாருங்கள். அல்லாஹ்வின் பாதையில் போரிட ஓர் அரசரை நியமியுங்கள் என்று அவர்களே தங்கள் நபியிடம் கேட்டார்கள். போர் கடமையானதும் சிலரைத் தவிர மற்றவர்கள் பின்வாங்கினார்கள். தாலூத் அரசராக்கப்பட்டபோது, அவருக்குச் செல்வ வசதி இல்லையே, எங்களுக்கல்லவா அதிக உரிமை என்று வாதாடினார்கள். கேட்டதும் அவர்கள். பதில் வந்ததும் மறுத்ததும் அவர்கள். தாங்கள் நினைத்த ஆளின் பெயர் வரவில்லை என்பதே அவர்களின் குறை.

நம்மிடம் இந்நோய் இல்லையா? கனவு வரவில்லை என்று காத்திருக்கிறோம். அந்த ஹதீஸில் கனவு பற்றிய பேச்சே இல்லை. பால் கிதாபு பார்க்கிறோம். ஓர் ஆலிம் கூடாது என்றால், ஆகும் என்று சொல்பவரைத் தேடி அடுத்த ஊருக்குப் போகிறோம். வட்டிக் கடனுக்கும் வரதட்சணைக்கும் இஸ்திகாரா கிடையாது. ஹராம் என்று தீர்ப்பு முன்பே வந்துவிட்டது. ஜமாஅத்துகளிலும் இதே கதைதான். முடிவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மஷூராவைக் கூட்டுகிறோம்!

இளைஞர்களே! வெளிநாட்டு விசாவுக்குப் பணம் கட்டும் முன்பே தொழுங்கள். வணிகர்களே! அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். வேண்டாம் என்று துணிந்து சொல்லும் ஒருவரிடம் ஆலோசனை செய்யுங்கள். கதவு அடைபட்டால், ஏன் என்று குமுறாதீர்கள். திருப்பிவிடு என்று கேட்டவர்கள் நாம்தானே! கதவு திறந்தால், அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்து உறுதியோடு இறங்குங்கள்.

நமது விருப்பத்தை அவனிடம் ஒப்படைக்கும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.