பருவமறிந்து புல் வளர்த்தல்



கோல்ப் ஆட்டத்தைச் செல்வர்களின் பொழுதுபோக்கு என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் அந்த ஆட்டம் நிகழும் புல்தரையைப் பேணும் வேலை, வேளாண்மையோடு நெருங்கிய உறவுடையது. 18 குழிகள் கொண்ட ஓர் ஆடுவெளிக்கு 100 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். அதில் விளைவது ஒரே பயிர், புல். அப்பயிருக்கு அறுவடை உண்டு, களத்துமேடு இல்லை.

கொல்கத்தாவில் உள்ள ராயல் கல்கத்தா கோல்ப் கழகம் 1829-ஆம் ஆண்டு தோன்றியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள கோல்ப் கழகங்களுள் அதுவே மிகப் பழமையானது. குளிர்நாட்டில் பிறந்த ஆட்டம், ஆறு மாதம் வெயிலும் நான்கு மாதம் மழையும் ஆளும் மண்ணுக்கு வந்து சேர்ந்தது. ஸ்காட்லாந்தின் கடற்கரையில் வளரும் மெல்லிய புல்வகைகள் நம் சமவெளி வெயிலைத் தாங்கமாட்டா. இங்கே கைகொடுத்தது நாம் நன்கறிந்த அருகம்புல்லே. வட இந்தியர் அதனைத் தூப் என்பர். மேனாட்டார் பெர்முடா புல் என்பர். அருகை ஆப்பிரிக்க நாட்டு இனமொன்றோடு கலந்து, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உருவாக்கிய குட்டை வகைகள் இன்று உலகெங்கும் பரவியுள்ளன. 1965-இல் வெளிவந்த டிப்ட்வார்ப் அவற்றுள் ஒன்று. இக்கலப்பினங்கள் முளைக்கும் விதை தருவதில்லை. கணுத்துண்டுகளை நட்டே பெருக்கவேண்டும்.

இந்த ஆட்டத்துக்கும் அருகுக்கும் இடையே நம் நாட்டில் ஒரு தீராத முரண்பாடு உண்டு. அருகு வெயிலில் செழிக்கும், குளிரில் உறங்கும். மனிதரோ வெயிலில் ஒதுங்கிக் குளிர்காலத்தில் ஆடவருவர். புல் வளராத மாதங்களில்தான் காலடிகள் மிகுகின்றன. மிதிபட்ட இடம் அப்போது எளிதில் ஆறாது. ஆகவே, மார்கழியில் தேவைப்படும் வலிமையைப் புல் சித்திரையிலும் ஆடியிலும் சேர்த்துவைக்கவேண்டும். பருவமறிந்து பராமரித்தல் என்பதன் உட்பொருள் இதுவே.

கோடை தொடங்கியதும் முதல் வேலை மண்ணுக்கு மூச்சுவிட வழிசெய்வது. ஓராண்டு மிதிபட்டு இறுகிய நிலத்தில் நீர் இறங்காது, வேரும் இறங்காது. உள்ளீடற்ற இரும்புக் குழல்களால் சுமார் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, மண்ணைப் பெயர்த்தெடுத்து, துளைகளை மணலால் நிரப்புவர். இரண்டு மூன்று வாரங்களுக்குத் தரை அம்மைத் தழும்பேறிய முகம்போல் தோன்றும். உறுப்பினர் முணுமுணுப்பர். அந்த முணுமுணுப்புக்கு அஞ்சி வேலையைக் கைவிடும் கழகம், அடுத்த குளிர்காலத்தில் வெறுந்தரையையே காணும்.

மழைக்காலத்தில் பகை வேறு. நீர் தேங்கினால் வேர் மூச்சுத்திணறும், பூசணநோய் பரவும், கோரை தலைதூக்கும். கோரையின் தாள்களைக் கிள்ளிப் பயனில்லை, கிழங்கோடு களையவேண்டும். வடிகால்களில் சேறு தூர்ந்திராமல் மழைக்கு முன்பே பார்த்துக்கொள்வது அவசியம். ஈரத்தரையில் கனத்த இயந்திரத்தை ஓட்டக்கூடாது. இப்பருவத்தில் புல் விரைந்து வளர்வதால் அடிக்கடி வெட்டவேண்டும். ஒரே வெட்டில் தாளின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தலாகாது என்பது பொதுவிதி. குழியைச் சுற்றிய பசுந்திட்டில் புல்லின் உயரம் 3 அல்லது 4 மில்லிமீட்டரே இருக்கும். ஆகவே அங்கே கத்தியின் கூர்மையே முக்கியம். மழுங்கிய கத்தி புல்லை வெட்டாது; கிழிக்கும். கிழிந்த நுனி வழியே நோய் நுழையும்.

மழை ஓய்ந்து பனி தொடங்குமுன் தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல்சத்தை ஊட்டுவர். அது புல்லுக்குக் குளிரைத் தாங்கும் உரம் தரும். குளிர்காலத்தில் வெட்டும் உயரத்தைச் சற்றே கூட்டி, குழிகளை அடிக்கடி இடம் மாற்றி, மிதிப்பைப் பகிர்ந்தளிக்கவேண்டும். டில்லி போன்ற வடபுல நகரங்களில் கடுங்குளிரால் அருகு பழுப்பேறிவிடும். அதன்மீது ரை என்னும் குளிர்காலப் புல்லை விதைத்துப் பச்சை காட்டுவது உண்டு. அது கண்ணுக்கு இனிது. ஆனால் வேனில் வந்ததும் அந்த விருந்தாளி விலகாவிட்டால் வீட்டுக்குரிய அருகு நலியும்.

இனி, எல்லாவற்றினும் பெரிய கேள்வி தண்ணீர். வறண்ட வேனில் நாளில் புல்தரையிலிருந்து சுமார் 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று கொள்வோம். அதை ஈடுசெய்ய ஹெக்டேருக்கு 50,000 லிட்டர் வேண்டும். 20 ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர். நகரவாசி ஒருவருக்கு 135 லிட்டர் என்ற அளவில் பார்த்தால், இது ஏறக்குறைய 7,400 பேருக்கான நீர். குடத்தோடு மக்கள் வரிசையில் நிற்கும் ஊரில், இந்தக் கணக்கைத் தட்டிக்கழிக்க எந்தக் கழகத்துக்கும் உரிமையில்லை.

வழி இல்லாமலில்லை. சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சலாம். மழைநீரைக் குளங்களில் தேக்கலாம். ஆட்டத்துக்கு வேண்டாத பகுதிகளில் பாசனத்தை நிறுத்தி, நாட்டு மரங்களுக்கும் செடிகளுக்கும் விட்டுவிடலாம். வேரூன்றிய அருகு வறட்சியில் காய்ந்தாலும் எளிதில் மடிவதில்லை. கணுக்களில் உயிரைப் பிடித்துவைத்து, முதல் மழையில் துளிர்க்கும். நாள்தோறும் சிறிது நீர் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். இடைவெளிவிட்டு ஆழப் பாய்ச்சினால் நீரைத் தேடிக் கீழே இறங்கும். செல்லம் கொடுத்த பிள்ளையும் புல்லும் இந்த வகையில் ஒன்றே.

ஆண்டு முழுவதும் ஒரே பச்சையாக இருக்கவேண்டும் என்னும் ஆசையே புல்தரைக்கு நேரும் கேடுகளுள் பெரியது. மிகுநீரும் மிகுஉரமும் மருந்தும் அந்த ஆசையின் பிள்ளைகள். வேனிலில் சற்றுப் பழுத்த தரையில் பந்து நன்றாகவே உருளும். இந்த உண்மையை உறுப்பினர்க்கு எடுத்துச் சொல்லும் துணிவு, கழகத்தை நடத்துவோர்க்கு வேண்டும். வைகறையில் பனியைத் தட்டி உதிர்த்து, தரையைக் குனிந்து பார்த்து, இன்று நீர் வேண்டாம் என்று கூறும் தோட்டக்காரரின் சொல்லுக்கு மதிப்பளிக்கவேண்டும். பள்ளி மைதானமாயினும் நகராட்சிப் பூங்காவாயினும் இந்த முறைகள் பொருந்தும். துளையிடும் குழலும் கூரிய கத்தியும் வாங்கப் பெருஞ்செல்வம் தேவையில்லை. பருவத்துக்குக் காத்திருக்கும் பொறுமையே தேவை.