ஸ்கிரிப்ட் டேகை எடுத்தாச்சு, அப்புறம் என்ன?

இன்னைக்குப் பேசப்போறது, வெளியாள் எழுதிக் கொடுத்த ஹெச்டிஎம்எல்லை நம்ம பக்கத்துல எப்படிக் காட்டுறது என்பதைப் பற்றி.

எனக்கு இந்தத் தலைவலி வந்தது சுங்குடிச் சேலை விற்கிற ஒரு மதுரைத் தளத்தால. வியாபாரிகளே தங்கள் சேலையைப் பற்றி எழுதிப் போடலாம். தடித்த எழுத்து வேணும், படம் வேணும், லிங்க் வேணும். ரியாக்ட் தானாக விட்டால் எல்லாத்தையும் வெறும் எழுத்தாத்தான் காட்டும். ஹெச்டிஎம்எல்லாவே காட்டணும்னா 'டேஞ்சரஸ்லி செட் இன்னர்ஹெச்டிஎம்எல்'னு எழுதணும். பேர்லயே ஆபத்துன்னு போட்டிருக்காங்க. நாமதான் ஆட்டோகம்ப்ளீட்ல தட்டிட்டுப் போயிடுறோம்.

டீம்ல ஒரு அண்ணன் ஸ்கிரிப்ட் டேக் போட்டு டெஸ்ட் பண்ணினார். ஒண்ணும் நடக்கலை. "சேஃப்தான்ப்பா"ன்னுட்டார். ஆனா இன்னர்ஹெச்டிஎம்எல் வழியா நுழையுற ஸ்கிரிப்ட் டேகை பிரவுசர் எப்பவுமே ஓட்டாது. அந்த டெஸ்ட் எதையும் நிரூபிக்கலை. நான் ஒரு இமேஜ் டேக் போட்டேன். இல்லாத படத்தோட முகவரி, கூடவே 'ஆன்எரர்'ல ஒரு வரி கோடு. படம் வரலை, கோடு ஓடுச்சு.

அலர்ட் பெட்டி பார்க்க விளையாட்டா இருக்கும். அதே பக்கத்தை நம்ம சப்போர்ட் ஆள் திறந்தா, அவரோட லாகின்ல அந்தக் கோடு ஓடும். ஒரு வியாபாரியோட பேங்க் கணக்கு எண்ணையே மாத்தலாம். தீபாவளி வசூல் மொத்தமும் யார் கைக்குப் போகும்னு யோசிங்க.

"சரி, ஆன்எரரையும் எடுத்துருவோம்"னார் அண்ணன். 2005-ல மைஸ்பேஸ் செஞ்சதும் இதான். அவங்க 'ஜாவாஸ்கிரிப்ட்'ங்கிற சொல்லையே தடுத்து வெச்சிருந்தாங்க. சாமி கம்கார்னு ஒரு பையன் (நம்ம ஊர் சாமி இல்லை, அமெரிக்கக்காரர்) 'ஜாவா'வுக்கும் 'ஸ்கிரிப்ட்'டுக்கும் நடுவுல ஒரு என்டர் தட்டினார். வடிகட்டிக்கு அது வேற சொல், சில பிரவுசருக்கு அதே சொல். ஒரு நாள் முடியறதுக்குள்ள 10 லட்சத்துக்கும் மேற்பட்டவங்க பக்கத்துல அவர் கோடு பரவிடுச்சு.

அதனால தடுக்க வேண்டியதைப் பட்டியல் போடாதீங்க, அனுமதிக்கிறதைப் போடுங்க. நாங்க டோம்ப்யூரிஃபை லைப்ரரியில எட்டு டேக், நாலு ஆட்ரிப்யூட் மட்டும் அனுமதிச்சோம். மீதி எல்லாம் போயிடும். இதுல வரிசை முக்கியம். சுத்தம் பண்ணுறது கடைசி வேலையா இருக்கணும். சுத்தம் பண்ணின பிறகு லிங்க் சேர்க்கிறேன், எமோஜி மாத்துறேன்னு சரத்துல கை வெச்சா, பண்ணின சுத்தத்துக்கு அர்த்தமே இல்லை.

இதோட தூங்கிடலாமா? ரவுண்ட்கியூப்ங்கிற மெயில் மென்பொருளிலும் சுத்தம் பண்ணுற பகுதி இருந்துச்சு. 2023 அக்டோபர்ல, எஸ்விஜி படத்துக்குள்ள ஒளிச்சு வெச்ச கோடு அதைத் தாண்டிப் போய், ஐரோப்பிய அரசு அலுவலகங்களோட மெயில்களைத் திருடுச்சு. இசெட் நிறுவனம்தான் அதைக் கண்டுபிடிச்சது. லிங்க் எதையும் கிளிக் பண்ண வேண்டாம், மெயிலைத் திறந்தாலே போதும்.

அதான் ரெண்டாவது சுவர். லைப்ரரியை அப்டேட் பண்ணிட்டே இருக்கணும், சிஎஸ்பி ஹெடர் போட்டு இன்லைன் கோடை முடக்கணும். முழு ஹெச்டிஎம்எல்லையும் காட்டியே ஆகணும்னா சாண்ட்பாக்ஸ் போட்ட ஐஃப்ரேமுக்குள்ள வைக்கலாம். அதுல 'அலோ ஸ்கிரிப்ட்ஸ்' மட்டும் கொடுத்துடாதீங்க.

எல்லாம் லைவ் ஆன மறுநாள் ஒரு வியாபாரி போன் பண்ணினார். "தம்பி, என் கடை பேரு ஓடிக்கிட்டே இருந்துச்சே, எங்க காணோம்?" மார்க்கீ டேக்! அதுக்கும் 'ஆன்ஸ்டார்ட்'னு ஒரு கோடு ஓட்டுற வழி இருந்துச்சு. டேகைப் பட்டியல்ல ஒன்பதாவதா சேர்த்தோம், ஆன்ஸ்டார்ட்டைச் சேர்க்கலை. கடை பேரு இப்ப மறுபடி ஓடிட்டிருக்கு.